டிவி நினைவூட்டலுக்கு ஒருவர் உரிமை கொண்டாட முடியுமா?

அமெரிக்க கேபிள் நிறுவனம் ஒன்றுக்காகச் சென்னையில் செட்டாப் பாக்ஸ் மென்பொருள் எழுதும் குழுவில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். பார்வையாளர் தேர்ந்தெடுத்த நிகழ்ச்சி தொடங்குவதற்குச் சில நிமிடங்கள் முன்பு திரையின் ஓரத்தில் ஒரு சிறு பெட்டி தோன்றி நினைவூட்டும். அந்த வசதி தங்கள் காப்புரிமைக்குள் வருகிறது என்று வேறொரு நிறுவனம் உங்கள் வாடிக்கையாளருக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறது. “நேரம் வந்ததும் சொல்வதெல்லாம் ஒரு கண்டுபிடிப்பா? இது நீதிமன்றத்தில் நிற்குமா?” என்பது உங்கள் கேள்வி. இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. நினைவூட்டல் என்ற எண்ணத்தை ஒருவர் சொந்தமாக்கிக்கொள்ள முடியுமா என்பது ஒன்று. குறிப்பிட்ட அந்தக் காப்புரிமை உங்கள் நிரலைத் தொடுகிறதா என்பது மற்றொன்று. முதலாவதற்கு உறுதியாகப் பதில் சொல்ல முடியும். இரண்டாவதற்கு, கடிதத்தில் குறிப்பிட்ட காப்புரிமையின் வாசகத்தைப் பார்க்காமல் என்னால் மட்டுமல்ல, யாராலும் சொல்ல முடியாது. காப்புரிமை ஆவணங்களை எழுதுவதும் படிப்பதுமே என் தொழில். அதில் பெரும்பகுதி தொலைக்காட்சிக் கருவிகள் சார்ந்தது. அந்த அனுபவத்தில், எங்கே பார்க்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.

எண்ணத்துக்குக் காப்புரிமை கிடையாது. இது அமெரிக்காவிலும் உண்மை, இந்தியாவிலும் உண்மை. ஆவணத்தின் தலைப்பு ‘நிகழ்ச்சி நினைவூட்டும் முறை’ என்று இருக்கலாம், முன்பக்கச் சுருக்கமும் அப்படியே சொல்லலாம். இரண்டுக்கும் சட்டத்தில் எல்லை வகுக்கும் பலம் கிடையாது. ஆவணத்தின் கடைசியில் எண் இட்டு எழுதப்பட்ட உரிமைக்கோரல்கள்தான் எல்லை. ஒரு கோரல் ஆறு உறுப்புகளைச் சொன்னால் ஆறும் உங்கள் கருவியில் இருக்க வேண்டும். அட்டவணைத் தகவலைப் பெறும் பகுதி, பயனரின் தேர்வைச் சேமிக்கும் நினைவகம், நேரத்தை ஒப்பிடும் பகுதி, அறிவிப்பைத் திரையில் காட்டும் பகுதி, அந்த அறிவிப்பிலிருந்து ஒரே பொத்தானில் சேனலுக்குத் தாவும் வழி என்று கோரல் அடுக்கிக்கொண்டே போகும்போது, உங்கள் பெட்டியில் கடைசி ஒன்று இல்லையென்றால் நேரடி மீறல் கிடையாது. ‘ஏறக்குறைய அதே வேலையை அதே வழியில் செய்கிறது’ என்று வாதிடும் சமானக் கோட்பாடு ஒன்று அமெரிக்கச் சட்டத்தில் உண்டு. அதுவும் உறுப்பு உறுப்பாகத்தான் பார்க்கப்படும். ஆகவே ‘நினைவூட்டலுக்கே காப்புரிமை வைத்திருக்கிறார்கள்’ என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது சொன்னால், எந்தக் கோரல் என்று கேளுங்கள்.

இவ்வளவு சிறிய வசதிக்கு ஏன் இத்தனை சண்டை என்று தோன்றலாம். நிரல் எழுதும் உங்களுக்கு அதன் உள்வேலை தெரியும், சட்டம் படித்த பலருக்குத் தெரியாது. சுவர்க் கடிகாரத்துக்கு மணி அடித்தால் போதும், தொலைக்காட்சிக்கு அது போதாது. ஐரோப்பிய டிஜிட்டல் ஒளிபரப்புத் தரநிலையான டிவிபி முறையில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஓர் அடையாள எண், தொடக்க நேரம், கால அளவு ஆகியவை ஒளிபரப்போடு சேர்ந்தே வருகின்றன. தொடக்க நேரம் 40 பிட்டுகள். முதல் 16 பிட்டுகளில் நாள், மீதி 24 பிட்டுகளில் மணி, நிமிடம், நொடி. அதுவும் உலகப் பொது நேரத்தில் இருக்கும், உள்ளூர் நேரத்தைப் பெட்டிதான் கணக்கிட வேண்டும். முந்தைய விளையாட்டுப் போட்டி இழுத்துக்கொண்டே போனால் அட்டவணை மாறும். பயனர் தேர்ந்தெடுத்தது எட்டரை மணியையா, அந்த நிகழ்ச்சியையா? நேரத்தைச் சேமித்து வைத்த பெட்டி தவறான வேளையில் நினைவூட்டும். நிகழ்ச்சியின் அடையாள எண்ணைச் சேமித்து, தகவல் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் திரும்பப் பார்க்கும் பெட்டி சரியாகச் சொல்லும். இந்த மாதிரியான இடங்களில்தான் உண்மையான பொறியியல் இருக்கிறது, காப்புரிமைக்குத் தகுதியான ஏதேனும் இருந்தால் அதுவும் இங்கேதான் இருக்கும்.

இந்தத் துறையின் பழைய வழக்குகளைப் புரிந்துகொள்ள 1980களின் விசிஆருக்கு, அதாவது வீடியோ கேசட்டில் பதிவு செய்யும் கருவிக்குப் போக வேண்டும். நேரம் குறித்துப் பதிவு செய்வது அப்போது பலருக்கும் பெரும்பாடு. ஜெம்ஸ்டார் நிறுவனம் 1990 வாக்கில் விசிஆர் பிளஸ் என்ற முறையைக் கொண்டுவந்தது. நாள், சேனல், தொடக்க நேரம், நீளம் ஆகியவற்றை ஒரு எண்ணாகச் சுருக்கிச் செய்தித்தாளின் நிகழ்ச்சிப் பட்டியலில் அச்சிட்டார்கள். அந்த எண்ணை அழுத்தினால் விசிஆர் தானே பதிவு செய்தது. பிறகு திரையிலேயே பட்டியல் வந்தது. ஸ்டார்சைட் என்ற நிறுவனத்தை 1997இல் ஜெம்ஸ்டார் தன்னோடு இணைத்துக்கொண்டது, 2000 ஜூலையில் டிவி கைடு நிறுவனத்தையும் வாங்கியது. திரைவழிகாட்டி தொடர்பான முக்கியக் காப்புரிமைகளில் பெரும்பங்கு ஒரே கூரையின் கீழ் சேர்ந்தது. அங்கிருந்து அவை 2008இல் மேக்ரோவிஷன் கைக்கு மாறின. அந்த நிறுவனம் 2009இல் ரோவி என்று பெயர் மாற்றிக்கொண்டது. ரோவி 2016இல் டிவோவை வாங்கி அதன் பெயரையே சூட்டிக்கொண்டது, 2020இல் எக்ஸ்பெரியோடு இணைந்தது. கடிதம் அனுப்பும் நிறுவனத்தின் பெயர் உங்களுக்குப் புதிதாக இருந்தாலும், கையில் இருக்கும் காப்புரிமை பழைய குடும்பத்தைச் சேர்ந்ததாக இருக்கக்கூடும். கடிதம் வந்ததும் உரிமை யார் யார் கை மாறி வந்தது என்ற பதிவை முதலில் எடுத்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

நான் இளைய வழக்கறிஞர்களுக்குத் தவறாமல் படிக்கக் கொடுப்பது சூப்பர்கைடு வழக்கு. டைரக்டிவி, எக்கோஸ்டார், தாம்சன் முதலியவற்றின் மீது சூப்பர்கைடு நிறுவனம் வட கரோலினாவில் 2000இல் தொடுத்தது. மேல்முறையீட்டில் ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம் 2004 பிப்ரவரியில் தீர்ப்புச் சொன்னது. திரையில் நிகழ்ச்சித் தகவலைத் தேடிக் காட்டுவதும், பயனர் குறித்துக் கொடுத்த விருப்பங்களைச் சேமித்துவைத்து அதன்படி பதிவுக் கருவியை இயக்குவதும் அந்தக் காப்புரிமைகளின் பொருள். நினைவூட்டலுக்கு நேர் பக்கத்து வீடு அது.

அவற்றில் ஒன்றை 1985இல் விண்ணப்பித்திருந்தார்கள். அதன் கோரலில் ‘வழக்கமாகப் பெறப்படும் தொலைக்காட்சி சிக்னல்’ என்று இருந்தது. அன்று வீடுகளுக்கு வந்தது அனலாக் ஒளிபரப்பு மட்டும்தான். வழக்கில் சிக்கிய பெட்டிகளோ டிஜிட்டல் செயற்கைக்கோள் ஒளிபரப்பைப் பெறுபவை. அன்றைக்கு இல்லாத ஒன்றை இன்றைக்கு அந்தச் சொற்றொடருக்குள் இழுக்கலாமா? கீழ் நீதிமன்றம் கூடாது என்றது. மேல் நீதிமன்றம் இழுக்கலாம் என்றது. கோரலில் அனலாக் என்று எங்கும் கட்டுப்படுத்தவில்லை, படத் தகவலை டிஜிட்டலாக அனுப்ப முடியும் என்பது அந்தத் துறையினருக்கு 1985இலேயே தெரியும், ஆகவே வாசகத்தைச் சுருக்கக் காரணமில்லை என்பது அதன் நியாயம். அமர்வில் இருந்த ஒரு நீதிபதி இதில் மாறுபட்டார். எனக்கும் அந்த மாறுபட்ட கருத்தின் மீதுதான் சாய்வு. கண்டுபிடித்தவர் கையில் இருந்த கருவி எதைச் செய்ததோ அதற்கு மேல் இருபது ஆண்டு கழித்து எல்லையை நீட்டுவது, இடையில் உழைத்த பொறியாளர்களுக்கு அநீதி. ஆனால் சட்டமாக நிற்பது பெரும்பான்மைத் தீர்ப்பு.

அதே வழக்கில் இன்னொரு கோரலின் கதை நேர்மாறாக முடிந்தது. விரும்பிய நிகழ்ச்சியின் தொடக்க நேரம், முடியும் நேரம், சேவை, வகை என்று நான்கை வரிசைப்படுத்தி, அவற்றில் ‘குறைந்தது ஒன்றை’ச் சேமிக்கும் பகுதி வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். நான்கில் ஏதாவது ஒன்றைச் சேமித்தாலே மீறல் என்றது சூப்பர்கைடு. இல்லை, நான்கு பிரிவுகளிலும் பிரிவுக்கு ஒன்றாவது சேமிக்க வேண்டும் என்றனர் எதிர்த்தரப்பினர். வரிசையின் கடைசியில் ‘அல்லது’ என்று போடாமல் ‘மற்றும்’ என்று போட்டிருந்தார்கள். நீதிமன்றம் ஆங்கில எழுத்துநடைக் கையேடு ஒன்றை எடுத்துவைத்து இலக்கண விதியைக் காட்டி, எதிர்த்தரப்பு சொன்னதே சரி என்றது. அந்த ஒரு இணைப்புச் சொல்லால் கோரலின் வீச்சு சட்டென்று குறுகிப்போனது. எண்ணம் எவ்வளவு பெரியது என்று யாரும் அங்கே அளக்கவில்லை. இன்றும் அமெரிக்கக் காப்புரிமை எழுதுபவர்கள் அந்த இடத்தில் ‘ஏதேனும் ஒன்று அல்லது பல’ என்று தெளிவாக எழுதுவது இந்தத் தீர்ப்புக்குப் பயந்துதான்.

ஜெம்ஸ்டார் நேரடியாக நடத்திய பெரிய வழக்கு அமெரிக்க சர்வதேச வர்த்தக ஆணையத்தில் நடந்தது. எக்கோஸ்டார், பயனியர், சயன்டிஃபிக் அட்லாண்டா முதலிய நிறுவனங்களின் செட்டாப் பாக்ஸ்களை நாட்டுக்குள் வரவிடாமல் தடுக்க 2001இல் அங்கே போனார்கள். 2002 ஜூனில் அந்த ஆணையத்தின் சட்ட நீதிபதி மீறல் இல்லை என்றார். ஜெம்ஸ்டார் காப்புரிமையைத் தவறாகப் பயன்படுத்தியதாகவும் குறிப்பிட்டார். 2004 செப்டம்பரில் ஃபெடரல் சர்க்யூட் சிலவற்றை உறுதிசெய்து சிலவற்றை மறுவிசாரணைக்குத் திருப்பி அனுப்பியது. இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. சயன்டிஃபிக் அட்லாண்டாவோடு இருந்த உரிம ஒப்பந்தம் முடிந்து வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, வரப்போவதாக நம்பிய உரிமத் தொகையை ஜெம்ஸ்டார் தன் வருவாய்க் கணக்கில் சேர்த்துக்கொண்டது. அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் இதையும் வேறு சில கணக்குகளையும் பிடித்தது. 2004இல் நிறுவனம் 1 கோடி டாலர் அபராதம் செலுத்தியது. காப்புரிமைக் கடிதங்கள் உறுதியான குரலில் எழுதப்படும். எழுதியவருக்கே வெற்றி நிச்சயமில்லாத நிலையிலும் அந்தக் குரல் மாறாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

இங்கிலாந்தில் அதே குடும்பத்துக் காப்புரிமைகள் வேறு விதி கண்டன. ஜெம்ஸ்டார் விர்ஜின் மீடியாவுக்கு எதிராகக் கொண்டுவந்த மூன்றும் 2009 நவம்பரில் லண்டன் உயர் நீதிமன்றத்தில் செல்லாமல் போயின. ஐரோப்பியச் சட்டத்தில் ‘தகவலை எடுத்துக்காட்டுவது’ மட்டும் கண்டுபிடிப்பாகாது. எந்தத் தகவல் திரையில் எந்த வரிசையில் தெரிகிறது என்பதற்கு மேல் தொழில்நுட்பச் சாரம் ஒன்று இருக்க வேண்டும். நினைவூட்டல் காப்புரிமைகளுக்கு இது பெரிய தடை.

அதனால் இப்படிப்பட்ட கடிதங்கள் எல்லாம் வெற்று மிரட்டல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ரோவி 2016இல் அமெரிக்கக் கேபிள் நிறுவனமான காம்காஸ்ட் மீது அதே வர்த்தக ஆணையத்தில் புகார் கொடுத்தது. வீட்டுக்கு வெளியே இருந்து கைபேசி வழியாக வீட்டுப் பெட்டியில் நிகழ்ச்சிப் பதிவைக் குறித்துவைக்கும் வசதி பற்றியது அது. பெட்டி துறைமுகத்தில் இறங்கும்போது அதில் கைபேசி சேர்ந்திருக்கவில்லை, ஆகவே இறக்குமதி செய்யப்பட்ட பொருள் எதையும் மீறவில்லை என்று காம்காஸ்ட் வாதிட்டது. பெட்டிகளை இறக்குமதி செய்தவர்கள் வேறு நிறுவனத்தார் என்றும் சொன்னது. 2017 நவம்பரில் ஆணையம் இரண்டு காப்புரிமைகள் மீறப்பட்டன என்று தீர்ப்பளித்து இறக்குமதித் தடை விதித்தது. காம்காஸ்ட் அந்த வசதியைத் தன் வாடிக்கையாளர்களிடமிருந்து எடுத்துவிட வேண்டியதாயிற்று. 2020 மார்ச்சில் ஃபெடரல் சர்க்யூட்டும் ஆணையத்தின் பக்கம் நின்றது. இறக்குமதிக்குப் பிறகு, பயனர் கையில் மீறல் முழுமை பெற்றாலும், அதற்குத் தூண்டியவர் பொறுப்பாவார் என்பது இந்தத் தீர்ப்பின் பாடம். உங்களைப் போல் பெட்டியில் ஒரு பகுதி, சர்வரில் ஒரு பகுதி, கைபேசிச் செயலியில் ஒரு பகுதி என்று நிரல் எழுதுபவர்கள், ‘எல்லா உறுப்பும் ஒரே இடத்தில் இல்லையே’ என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

இனி, ஐயத்துக்குரிய பகுதி. சூப்பர்கைடு காலத்துக்கும் இன்றைக்கும் இடையில் அமெரிக்கச் சட்டம் காப்புரிமை வைத்திருப்பவருக்குப் பாதகமாகப் பலமுறை நகர்ந்திருக்கிறது. மீறல் நிரூபணமானாலே தடையாணை என்ற நிலையை 2006இல் உச்ச நீதிமன்றம் மாற்றியது. தெரிந்தவற்றைத் தெரிந்த விதத்தில் சேர்ப்பது கண்டுபிடிப்பாகாது என்பதை 2007இல் வலுப்படுத்தியது. 2014இல் ஆலிஸ் வழக்கில், அருவமான எண்ணத்தைக் கணினியில் செய்வதாகச் சொல்வதால் மட்டும் காப்புரிமை கிடைக்காது என்றது. அதற்குப் பிறகு 2015இல் கலிஃபோர்னிய மாவட்ட நீதிமன்றம் ஒன்று, நெட்ஃபிளிக்ஸுக்கு எதிராக ரோவி முன்வைத்த ஐந்து காப்புரிமைகளைச் செல்லாது என்றது. ‘பயனர் தேர்ந்தெடுத்த நேரத்தில் அறிவிப்பு காட்டுதல்’ என்ற அளவிலேயே நிற்கும் கோரல் ஆலிஸ் சோதனையில் தேறுவது கடினம் என்பது என் கணிப்பு. ஆனால் இது கணிப்புதான். அட்டவணை மாற்றத்தைக் கண்காணித்து நினைவூட்டலை நகர்த்தும் குறிப்பான வழிமுறை ஒன்றைக் கோரல் சொன்னால், அதே சோதனையில் அது பிழைக்கக்கூடும். இந்த இடத்தில் நீதிபதிக்கு நீதிபதி முடிவு வேறுபடுவதைத் தொடர்ந்து பார்க்கிறேன், முன்கூட்டியே உறுதி சொல்பவரை நம்ப வேண்டாம்.

செலவு குறைந்த ஆயுதம் ஒன்று 2012 செப்டம்பரிலிருந்து இருக்கிறது. காப்புரிமை அலுவலகத்திலேயே மறுஆய்வு கேட்கலாம். வழக்கு மனு கையில் கிடைத்த ஓராண்டுக்குள் கேட்க வேண்டும். அங்கே ஏற்கெனவே வெளியான காப்புரிமைகளும் அச்சு வெளியீடுகளும் மட்டுமே சான்று. நினைவூட்டல் விஷயத்தில் இந்தச் சான்றுகள் எங்கே கிடைக்கும் என்று பலருக்குத் தோன்றுவதில்லை. 1980களின் விசிஆர் கையேடுகள், பெரிய டிஷ் வைத்திருந்தவர்களுக்காக வந்த இதழ்கள், 1990களின் செட்டாப் பாக்ஸ் பயனர் ஏடுகள், டிவிபி தரநிலை ஆவணங்கள் எல்லாம் பொதுமக்களுக்குக் கிடைத்தவையாக இருந்தால் செல்லுபடியாகும். வழக்கறிஞர்கள் தரவுத்தளங்களில் தேடிக்கொண்டிருக்கும்போது, உங்கள் அலுவலக அலமாரியில் பழைய பெட்டியோடு வந்த கையேட்டில் அதே வசதி படத்தோடு இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கத் தகுதியானவர் நீங்கள்தான்.

அதற்கும் முன்பாகச் செய்ய வேண்டியது தேதி பார்ப்பது. 1995 ஜூனுக்குப் பிறகு விண்ணப்பித்த அமெரிக்கக் காப்புரிமையின் ஆயுள், குடும்பத்தின் முதல் விண்ணப்பத்திலிருந்து 20 ஆண்டு. அலுவலகத் தாமதத்துக்கு ஈடாகச் சில நாட்களோ சில ஆண்டுகளோ கூடலாம். நிகழ்ச்சி நினைவூட்டலின் அடிப்படைகள் எழுதப்பட்டது 1980களிலும் 1990களிலும். அவை காலாவதியாகிவிட்டன. காலாவதியான காப்புரிமையில் எழுதியிருப்பதை அப்படியே செய்தால் புதிதாக மீறல் எதுவும் இல்லை. பிறகு வந்த காப்புரிமைகளைச் செல்லாததாக்கவும் அதுவே சான்றாக நிற்கும். ஒரு எச்சரிக்கை மட்டும்: காலாவதிக்கு முன்பு நடந்த மீறலுக்கு, வழக்குத் தொடுத்த நாளிலிருந்து பின்னோக்கி ஆறு ஆண்டு வரை இழப்பீடு கேட்கலாம்.

இந்தியாவில் இருக்கும் உங்களுக்கு இது எப்படி வந்து சேரும்? அமெரிக்கக் காப்புரிமைக்கு இங்கே செல்வாக்கு இல்லை. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு கணினி நிரலை அதன் அளவில் கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை, தகவலை எடுத்துக்காட்டுவதையும் ஏற்பதில்லை. ஆகவே சென்னையில் உட்கார்ந்து நிரல் எழுதியதற்காக உங்கள் மீது அந்தக் கடிதக்காரர் வழக்குப் போடுவார் என்று இரவு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆபத்து வேறு வழியில் வருகிறது. வாடிக்கையாளரோடு உங்கள் நிறுவனம் போட்ட ஒப்பந்தத்தில் இழப்பு ஈடுசெய்யும் உட்பிரிவு ஒன்று இருக்கும். நிரலால் மூன்றாம் தரப்பின் காப்புரிமை மீறப்பட்டால் செலவை யார் ஏற்பது என்று அது சொல்லும். உச்சவரம்பு இல்லாமல் கையெழுத்திட்ட சிறு நிறுவனங்களை நான் பார்த்திருக்கிறேன். வசதியை வடிவமைத்தது வாடிக்கையாளர், எழுதிக் கொடுத்தது இவர்கள், சுமை மட்டும் இவர்கள் தலையில். உங்கள் மேலாளரிடம் அந்த உட்பிரிவை இன்றே கேளுங்கள். வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்த வடிவமைப்பின்படி செய்ததற்கு விலக்கு இருக்கிறதா என்பதுதான் அதில் முதலில் பார்க்க வேண்டியது.

இன்னொன்று, உங்கள் குழுவுக்கே நேரடியாக. கடிதம் வந்த பிறகு அதைப் பற்றி மின்னஞ்சலில் விவாதிக்காதீர்கள். ‘இது அவர்களுடையது மாதிரியேதான் இருக்கிறது’ என்று ஒரு பொறியாளர் சக ஊழியருக்கு எழுதும் ஒரு வரி, வழக்கு வந்தால் அமெரிக்க நடைமுறைப்படி எதிர்த்தரப்பின் மேசைக்குப் போகும். தெரிந்தே மீறியதாக நிரூபித்தால் இழப்பீட்டை மூன்று மடங்கு வரை உயர்த்த நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. கருத்தை வழக்கறிஞரிடம் வாய்மொழியாகச் சொல்லுங்கள், எழுத வேண்டியதை அவர் கேட்டு எழுதுங்கள். நிரலின் பழைய பதிப்புகளையோ வடிவமைப்புக் குறிப்புகளையோ அழிக்கவும் கூடாது. அழித்தது தெரிந்தால் நல்ல வழக்கும் கெட்டுப்போகும்.

உங்கள் வாடிக்கையாளரின் வழக்கறிஞர் அந்தக் கோரலை உறுப்பு உறுப்பாகப் பிரித்து ஓர் அட்டவணை போட்டிருப்பார். அதன் வலப்பக்கப் பத்தியை நிரப்ப உங்களைத்தான் அழைப்பார்கள். நினைவூட்டல் எங்கே சேமிக்கப்படுகிறது, பெட்டியிலா சர்வரிலா, நேரமாகவா நிகழ்ச்சி எண்ணாகவா, அட்டவணை மாறினால் என்ன நடக்கிறது, அறிவிப்பிலிருந்து சேனல் மாற எத்தனை படிகள் என்பவற்றை நிரலைத் திறந்து பார்த்துச் சரியாகச் சொல்லுங்கள். நினைவிலிருந்து சொல்லாதீர்கள். காப்புரிமை எண் கிடைத்ததும் இங்கே எழுதினால், அது பொது ஆவணம் என்பதால் கோரல்களைப் படித்து என் கருத்தைச் சொல்ல முடியும். கடிதத்தையோ உங்கள் நிரலையோ மட்டும் இங்கே பதிவிட வேண்டாம்.